பழைய சேலையும் பால்கவர் பந்தலும்

பின்னல் வேலையில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒயர், சணல், பால் கவர், கிழிந்த சேலை, எது கையில் கிடைத்தாலும் அது என் வீட்டில் சும்மா கிடக்காது. கூடையாகும், பையாகும், பாயாகும், இல்லையென்றால் என்னவென்று யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாத ஒரு உருப்படியாகி ஆணியில் தொங்கும். என் வீட்டுக்காரர் குளிக்கப் போகும்போது கழற்றிய சட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவார். வெளியே வைத்தால் திரும்பி வரும்போது அது சட்டையாக இருக்காது என்று பயம்.

அப்படிப்பட்ட நான் அந்தச் சனிக்கிழமை சேலைக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். காரணம் என் வாய்தான். என் மகள் இனியா போகிற பால்வாடியில் மத்தியானச் சோறு முடிந்ததும் பிள்ளைகளைத் தூங்கப் போடுவார்கள். வெறும் சிமெண்டுத் தரை. மழை ஆரம்பித்ததிலிருந்து தரை சில்லென்று கிடக்கிறது, பிள்ளைகள் மூக்கு ஒழுக வீட்டுக்கு வருகிறார்கள். "பழைய சேலையிலயே சுவருக்குச் சுவர் ஒரே பாயாப் பின்னித் தர்றேன் டீச்சர், திங்கக்கிழமை விரிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டேன். தனியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எல்லாப் பிள்ளைகளுடைய அம்மாக்களும் வாசலில் நிற்கும்போது சத்தமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் பாய் பாதி அறைக்குத்தான் வந்திருக்கிறது. என் சேலை தீர்ந்தது, என் அம்மா கொடுத்த சேலை தீர்ந்தது, மாமியார் கொடுத்த சேலை, மாமியார் கொடுக்காத சேலை எல்லாம் தீர்ந்தது. மிச்சம் இருந்தது கோணி ஊசியும் நானும்தான்.

அப்போதுதான் தெரு முனையில் குரல் கேட்டது. "பழைய சேலைக்குப் பாத்திரம். நைலக்ஸ், பூனம், பட்டுச் சேலைக்குப் பாத்திரம்."

பாத்திரக்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சி எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் மொபெட்டை நிறுத்தினார். முன்பக்கம் தூக்குச்சட்டி, சம்படம், இட்லிப் பானை என்று சில்வர் சாமான்கள் மின்னின. பின்பக்கம் அடுத்த தெருவில் வாங்கிய சேலை மூட்டை. பக்கத்து வீட்டிலிருந்து வெள்ளத்தாய் மதினி ஒரு பொதியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். வெள்ளத்தாய் மதினி என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி. அவருடைய கடைக்குட்டி மாரிச்செல்வமும் இனியா போகிற அதே பால்வாடிதான். பொதி முழுக்கச் சேலை. பன்னிரண்டு இருக்கும். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, பாயின் மறுபாதி அந்தப் பொதிக்குள்தான் இருக்கிறது.

கேட்டால் கொடுத்துவிடுவாரே என்று நினைப்பீர்கள். மதினி அப்படிக் கொடுக்கிற ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு கரண்டி மோர் கொடுத்தால் கரண்டியை வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போகிறவர். அண்ணாச்சி கொடுப்பதற்குச் சில்வர் பாத்திரம் இருக்கிறது. என்னிடம் இருப்பது வாய் ஒன்றுதான். அதைத் திறந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் பாதியில் நின்ற பின்னலை எடுத்துக்கொண்டு போய் மதினி பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு ஜெபமணி அக்காவும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தார். மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர்.

அண்ணாச்சி ஒவ்வொரு சேலையாக உதறி வெயிலுக்கு எதிரே பிடித்து ஓட்டை பார்த்தார்.

"இந்தா, இந்தத் தூக்குச்சட்டியை வச்சுக்கோ தாயி" என்றார்.

"பன்னெண்டு சேலைக்குத் தூக்குச்சட்டியா? அந்த இட்லிப் பானையை எடும்வே" என்றார் மதினி.

"இட்லிப் பானைக்கு இன்னும் நாலு சேலை வேணும். இதுல ரெண்டு நைஞ்சுபோன சேலை வேற, இது எனக்கு ஆகாது" என்று சொல்லி இரண்டைத் தள்ளிவைத்தார்.

தள்ளிவைத்த இரண்டும் எப்படி என் மடிக்கு வந்தன என்று எனக்கே தெரியாது.

"மதினி, இந்தச் சேலையவா தூக்குச்சட்டிக்குப் போடுறீங்க? பால் கவர்லயே நான் என்னெல்லாம் பண்ணிருக்கேன், சேலைன்னா கேக்கவா வேணும்" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டா" என்றார் மதினி.

"பால் கவரை அலசிக் காயப்போட்டு, நாடா நாடாக் கிழிச்சு, பழைய குடைக்கம்பி ரெண்டை வச்சு ஒரு பை பின்னுனேன் பாருங்க. அதுல சந்தைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கிட்டு வந்தேன். வீட்டுல வந்து கொட்டுனா கத்திரிக்காய் பூரா வெள்ளை. சரின்னு தண்ணி ஊத்தி வச்சேன். மறுநாள் மோராயிருந்துச்சு."

"உப்பு போட்ட மோரா, போடாத மோரா?" என்று கேட்டார் ஜெபமணி அக்கா.

"போடாததுதான்க்கா. உப்பு நம்மதான் போட்டுக்கணும். அது பைதானே, எல்லாத்தையும் அதுவே செய்யுமா? ஆனா பழக்கம் மட்டும் விடல. விடிஞ்சும் விடியாம அதுவா எந்திரிச்சு வாசப்படியில போய் உக்காந்துரும். பால்காரர் வந்து ஒரு தட்டு தட்டிட்டுப் போனாத்தான் உள்ள வரும்."

"அந்தப் பை இப்ப எங்கட்டி?" என்றார் மதினி.

"பூனை கூட்டிட்டுப் போயிருச்சு மதினி."

"தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லு."

"தூக்கல. முன்னால பூனை நடந்துச்சு, பின்னால பை நடந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன்."

மதினி அண்ணாச்சியைப் பார்த்து, "இவ பேச்சை விடும். இட்லிப் பானையை இப்படிக் கொடும், பிடிச்சுப் பாக்கேன்" என்று பானையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பேரம் முடிவதற்குள் பாத்திரத்தை மடியில் வைத்துவிட்டால் பாதிப் பேரம் முடிந்தது என்பது மதினியின் கணக்கு. அண்ணாச்சியும் அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை, பொதியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

நான் நைந்த சேலையின் ஓரத்தில் பல்லால் ஒரு வெட்டு வைத்துக் கிழித்தேன். வேண்டுமென்றே கோணலாகக் கிழித்தேன். கிழிசல் பாதியில் ஓடி முந்தானைப் பக்கம் வளைந்துகொண்டு போனது.

மதினிக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சேலையைக் கிழிக்கத் தெரியல, பாய் பின்ன வந்துட்டா. இப்படிக் கொண்டா." பிடுங்கிக் கரையோரம் விரலால் அளந்து ஒரே இழுப்பில் கிழித்தார். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. "பாத்தியா? கரையைப் பாத்துக் கிழிக்கணும்."

"எங்க, இன்னொரு தடவை பண்ணுங்க மதினி, எனக்குப் பிடிபடல" என்றேன்.

கிழித்த நாடாக்களில் மூன்றை எடுத்து முடிச்சுப் போட்டு, "க்கா, இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்று ஜெபமணி அக்கா கையில் கொடுத்தேன். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் சடை போடுகிற கை அது. அந்தக் கையில் மூன்று பிரியைக் கொடுத்துவிட்டு, பின்னாமல் சும்மா பிடித்துக்கொண்டு இரு என்றால் இருக்குமா? அக்கா பாட்டுக்குக் கதை கேட்டார், கை பாட்டுக்குப் பின்னியது.

"பையாவது போகுது. ஆட்டுக்குச் சட்டை பின்னுனதுதான் பெரிய கூத்து" என்றேன்.

"ஆட்டுக்கா?"

"கார்த்திகை மாசக் குளிர்ல வெள்ளாடு நடுங்குச்சு. கம்பளி நூலுக்கு நான் எங்க போவேன்? மாமா டிரங்குப் பெட்டியில பழைய கேசட்டு கெடந்துச்சு. நாடாவைப் பூரா உருவி அதுலயே ஒரு சட்டை பின்னிப் போட்டுவிட்டேன். ஆடு எந்திரிச்சு ரெண்டு எட்டு வச்சுச்சு. பாட்டு கேக்குது. மெதுவா நடந்தா ஆம்பளக் குரல், ஓடுனாப் பொம்பளக் குரல். பின்பக்கமா நகந்துச்சுன்னா அதே பாட்டு கடைசியில இருந்து மொதலுக்கு வருது."

அண்ணாச்சி சேலையை உதறுவதை நிறுத்தினார். "கரண்டு இல்லாமலா?"

"குழையிலதான் ஓடும் அண்ணாச்சி. ஒரு கட்டு அகத்திக் குழை போட்டா ஒரு கல்யாணம் தாங்கும். பெரிய மாமா மகனுக்குக் காது குத்துனாங்கல்ல, அன்னைக்கு ஊர்ல கரண்டு இல்ல. மைக்செட்டுக்காரன் தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டான். ஆட்டை மேடையில ஏத்திக் கட்டுனேன். சாப்பாட்டுப் பந்தி முடியுற வரைக்கும் பாடுச்சு. மைக்செட்டுக்காரன் அதுகிட்டயே வேலைக்குச் சேரவான்னு கேட்டான்."

"அந்தக் காதுகுத்துக்கு நானும்தானட்டி வந்தேன்" என்றார் மதினி.

"நீங்க பந்தியில இருந்தீங்க மதினி. இலைக்கு முன்னால உக்காந்தா உங்களுக்கு எந்தப் பாட்டு காதுல விழுந்திருக்கு?"

ஜெபமணி அக்கா சிரித்த சிரிப்பில் பின்னல் இன்னும் வேகமாக ஓடியது.

"சட்டை எங்க? அதைக் காட்டு."

"ஆடே தின்னுருச்சு. இப்பவும் உள்ளுக்குள்ள பாடத்தான் செய்யுது. வயித்துல காதை வச்சாக் கேக்கும்."

"அதான் பிள்ள, அது கத்துறப்ப ஒரு ராகமா இழுக்குது" என்றார் ஜெபமணி அக்கா.

"நீ வேற இவகூடச் சேந்து ஆடாத" என்று மதினி அடுத்த சேலையைச் சரக்கென்று கிழித்தார். இது நைந்த சேலை இல்லை. நல்ல பூனம் சேலை. கோபத்தில் எடுத்தது எது என்று மதினி பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை.

ஆனால் அண்ணாச்சி தொழில்காரர். "எம்மா, அந்தச் சேலை..." என்று வாயைத் திறந்தார். விட்டால் காரியம் கெட்டது.

"அண்ணாச்சி, நீங்க பாத்திரத்தைப் பத்திச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். சேலையோட பலம் உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கா தெரியாது? இருவது வருஷமாச் சேலை வாங்குதேன். பழைய சேலை ரெண்டு இழுவைக்குத் தாங்காது. பிரியாக் கிழிச்சா ஒரு இழுவைக்குத் தாங்காது."

"முறுக்கிப் பின்னுனா?"

"பின்னுனாலும்தான்."

"பின்னி இழுத்துப் பாருங்க."

அவரே பொதியிலிருந்து ஒன்றை உருவினார், மதினியே கிழித்துக் கொடுத்தார். பெண்களை நம்பாமல் அண்ணாச்சி தானே உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தார். அவ்வளவு நெருக்கமான சடை. ஜெபமணி அக்காவே கையை நிறுத்திப் பார்த்தார்.

"இதெல்லாம் எங்க அண்ணாச்சி படிச்சீங்க?"

"நாலும் பொம்பளப் பிள்ளைக. வீட்டுக்காரி காலையில வெள்ளனே தீப்பெட்டி ஒட்டுற ஆபீஸுக்குப் போயிருவா. நாலு தலையும் நான்தான். பெரியவளுக்கு ரெட்டைச் சடை. கோணலா இருந்தா பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன்னு நிப்பா."

ஒரு முழம் பின்னியதும் ஒரு நுனியை ஜெபமணி அக்கா பிடிக்க, மறு நுனியை அண்ணாச்சி இழுத்தார். மொபெட்டில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். மொபெட் சாய்ந்தது. பின்னல் அப்படியே இருந்தது.

"இதுக்கே ஆச்சரியப்பட்டா எப்படி? இதே மாதிரி பின்னி எங்க மாமனாருக்குக் கட்டில் கட்டுனேன். இழுவை கொஞ்சம் கூடிப்போச்சு. அதுதான் நான் செஞ்ச ஒரே தப்பு. மாமா மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து தொப்புன்னு படுத்தார். அடுத்த நிமிஷம் கட்டில்ல ஆள் இல்ல."

"எங்க போனார்?"

"தென்னை மரத்து உச்சிக்கு. போனவர் சும்மா வருவாரா? முத்துன காயாப் பாத்து ரெண்டு பறிச்சுட்டுத்தான் இறங்குனார். இறங்குனவர் திரும்பவும் கட்டில்லதான விழணும். மறுபடியும் மேல. சாயங்காலத்துக்குள்ள மரம் காலி. அதுக்குப் பெறகு தேங்காய் வெட்டுறவரைக் கூப்பிடவே இல்ல நாங்க. மாமாவுக்கும் மேல காத்து நல்லாயிருக்குன்னு பிடிச்சுப்போச்சு. போகும்போதே கண்ணை மூடுவார், வரும்போது முழிப்பார், டீ ரெடியா இருக்கும்."

"மாமா முட்டுவலின்னு படியேற மாட்டார், தென்னை மரம் ஏறினாராக்கும்" என்றார் மதினி.

"ஏறலையே மதினி, போனார். மாமாகிட்டயே கேளுங்க."

"மாமா தூத்துக்குடியில மக வீட்டுல இருக்கார்."

"வந்ததும் கேளுங்க."

"ஊர்ல இல்லாத ஆளாப் பாத்துச் சாட்சிக்குக் கூப்பிடுதா பாத்தியா?" என்று மதினி ஜெபமணி அக்காவிடம் சொன்னார். சொல்லும்போதே அவர் கையில் மூன்று பிரி சேர்ந்திருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். மதினிக்குப் பெண் பிள்ளை இல்லை. ஆனால் மாட்டுக்குத் தும்புக் கயிறு திரிக்கிற கை அது, சடையைவிட இறுக்கமாக வரும்.

நடுவில் மினிபஸ் கதையையும் சொன்னேன். கம்மாய்ச் சேற்றில் மாட்டிய மினிபஸ்ஸை நான் சேலைக் கயிறு போட்டு ஒற்றைக் கையால் இழுத்தது. பஸ் வரவில்லை, கம்மாய்தான் வந்தது. கரையோடு, கரைமேல் நின்ற புளியமரத்தோடு, எங்கள் கொல்லைப்புறம் வரை வந்துவிட்டது. துணி துவைக்க வசதியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். "அப்ப கம்மாய் முன்னால எங்க இருந்துச்சு?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "அது எனக்கு எப்படித் தெரியும், நான் வாக்கப்பட்டு வந்த ஊரு" என்றேன். பொதியில் இன்னும் நாலைந்து சேலை இருந்தது, அதனால் நான் நிறுத்தவில்லை.

"கடைசியா ஒண்ணு சொல்லுதேன். இதைக் கேட்டுட்டு மதினி இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுத்துருவாங்க."

"கொடுப்பேன், கொடுப்பேன்" என்று மதினி பானையை இன்னும் இறுக்கிக்கொண்டு, அதன் மேலேயே பின்னலை வைத்துப் பின்னினார்.

"போன சித்திரை வெயிலுக்குத் தெருவுக்கே ஒரு பந்தல் பின்னுனேன். பால் கவர், சிப்ஸ் பாக்கெட்டு, பிஸ்கட்டுத் தாள், ஒண்ணு விடல. இந்தக் கோடி கரண்டு மரத்துல இருந்து அந்தக் கோடி வரைக்கும். வெயில் ஒரு பொட்டு உள்ள வரல. மத்தியானமே கோழியெல்லாம் போய் அடைஞ்சிருச்சு. டீக்கடையில லைட்டு போட்டுட்டாங்க."

"நான் இதே தெருவுலதான இருக்கேன். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"இருட்டா இருந்துச்சுல்ல, இன்னும் விடியலன்னு நீங்க தூங்கிட்டீங்க மதினி. நாலு நாளு. மாரிச்செல்வத்துக்கு நான்தான் சோறு ஊட்டுனேன்."

"அதான் எங்க வீட்டுல மாவு புளிச்சுக் கெடந்துச்சா" என்றார் ஜெபமணி அக்கா.

"கேளுங்க. அஞ்சாம் நாளு சாயங்காலம் கோடை மழை பிடிச்சுது. பெஞ்ச மழை கீழ இறங்கணும்ல? இறங்கல. என் பின்னல் அவ்வளவு நெருக்கம். பெஞ்சது பூரா தலைக்கு மேல தொட்டில்ல போட்ட பிள்ளை மாதிரி ஆடிட்டு நிக்குது. அண்ணாந்து பாத்தா மீனோட வயிறு தெரியுது."

"மழைத் தண்ணியில மீனு எப்படிட்டி வரும்?"

"நாள் ஆக ஆகக் குடி வந்துருச்சு மதினி. மீனு, தவளை எல்லாம். நல்ல இடம் கெடைச்சா நம்ம விடுவோமா? யாருக்குக் குளிக்கணுமோ அவங்க தலைக்கு நேரா ஒரு கண்ணியைக் குடைக்கம்பியால விலக்கி விடுவேன். குளிச்சு முடிச்சதும் திரும்ப இழுத்துவிட்டா நின்னுரும். வெந்நி வேணும்னு சொல்றவங்களுக்கு மத்தியானம் வெயில் பட்ட பக்கமாத் திறந்துவிடுவேன். தெருவுல ஒரு குடம் தண்ணிக்குச் சண்டை கெடையாது."

அண்ணாச்சி பின்னிக்கொண்டே இருந்தார்.

"அப்புறம்தான் வம்பு வந்துச்சு. பக்கத்து ஊர்க்காரங்க டிராக்டர்ல வந்து இறங்கிட்டாங்க. அது எங்க மழை, எங்க ஊருக்குப் போயிட்டிருந்துச்சு, நீங்க வழியில பிடிச்சு வச்சுட்டீங்கன்னு ஒரே சத்தம். நியாயம்தான். நமக்கு எதுக்கு அடுத்தவங்க மழை? பந்தலோட சேத்து மழையை மெத்தை மாதிரி சுருட்டி, ரெண்டு பக்கமும் சேலையால கட்டி, டிராக்டர்ல ஏத்தி அனுப்பிட்டேன்."

மதினி முதல் முறையாகக் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எந்த ஊருக்குட்டி அனுப்புனே?"

வாயில் வந்த ஊரைச் சொன்னேன். "கொம்பங்குளத்துக்கு."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார்.

"கொம்பங்குளம் எங்க ஊருதான் தாயி" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் கதை சொல்கிறேன், சொன்ன கதைக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தது இல்லை.

அவர் பின்னலை மடியில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "மழை வந்து சேந்துச்சு. குறை சொல்லக் கூடாது, ஒரு சொட்டு சிந்தாமத்தான் கட்டிருந்தே. நாங்க ஊரே கூடி நின்னு பிரிச்சோம். மீனெல்லாம் சரியா இருந்துச்சு. தவளையிலதான் ரெண்டு குறையுது. அதை யார்ட்ட கேக்கன்னு தெரியாம இருந்தோம். அது நீதானா?"

என்னை நம்பாதவர்களுக்குப் பதில் சொல்லத்தான் எனக்குத் தெரியும். நம்புகிறவருக்கு என்ன சொல்ல?

"அது ரெண்டும் எங்க கெணத்துல கெடக்கு" என்று காப்பாற்றினார் ஜெபமணி அக்கா. "தரமாட்டேன். பிள்ளைகளுக்குப் பழகிருச்சு."

"இருக்கட்டும் தாயி. எங்க இருக்குன்னு தெரிஞ்சாச் சரி, ஊர்ல சொல்லிக்கிடுவேன்" என்று சொல்லி அண்ணாச்சி எழுந்தார். "சரி, நேரமாச்சு. முடிவாச் சொல்லு, தூக்குச்சட்டியா, இட்லிப் பானையா?"

சொல்லிக்கொண்டே பொதிக்குக் கையை நீட்டினார். கையில் வந்தது பொதியைக் கட்டியிருந்த துண்டு மட்டும்தான்.

துண்டை உதறிப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். ஜெபமணி அக்கா மடியில் ஒரு பந்து, மதினி மடியில் இட்லிப் பானையைச் சுற்றி ஒரு பந்து, அவர் எழுந்த இடத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய பந்து. பச்சை, ஊதா, மஞ்சள் என்று பன்னிரண்டு சேலையும் சடையாகக் கிடந்தது.

"என் சேலை" என்றார் மதினி.

"நீங்கதான் மதினி கிழிச்சீங்க. எனக்குக் கோணலாத்தான வரும்" என்றேன்.

"நானும்லா பின்னிருக்கேன்" என்றார் அண்ணாச்சி, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. பிறகு மொபெட்டின் பின்பக்கம் பார்த்தார். அவருடைய மூட்டையும் கொஞ்சம் இளைத்திருந்தது. "எம்மா, இதுலயும் ரெண்டு உருவிருக்கு போலயே."

"தவளை ரெண்டுக்குச் சேலை ரெண்டு, கணக்கு சரியாப் போச்சு அண்ணாச்சி" என்றார் ஜெபமணி அக்கா.

அவர் பின்னலின் ஒரு நுனியை எடுத்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அவர் பின்னியது, விடுமா? "எதுக்கு இவ்வளவும்?" என்று கேட்டார்.

பால்வாடித் தரையைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அதனாலோ என்னவோ முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார். கேட்டுவிட்டு மதினி மடியிலிருந்து இட்லிப் பானையை எடுத்தார். மதினி விடவில்லை. இருவரும் பானையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மதினிதான் விட்டார். அண்ணாச்சி பானையைக் கட்டி, மொபெட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் போய்க் குரல் கொடுத்தார். இந்தத் தடவை குரலில் கொஞ்சம் ஜாக்கிரதை தெரிந்தது.

மதினி நேரே என் வீட்டுக்குள் போய், விரித்துக் கிடந்த பாதிப் பாயைப் பார்த்தார். காலால் மிதித்துப் பார்த்தார். உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அந்தப் பச்சைச் சேலை நடுவுல வரணும். அதுதான் மெத்துன்னு இருக்கும். மாரிச்செல்வம் நடுவுலதான் படுப்பான்."

"உங்க சேலை, நீங்க சொல்ற இடம் மதினி."

"இனி என் சேலைன்னு சொல்லாத, வயிறு எரியுது." கோணி ஊசியை எடுத்து நூல் கோத்தார். நானும் ஜெபமணி அக்காவும் பந்தைப் பிரித்து வைத்தோம். ஒரு சுற்று தைத்து முடித்த பிறகுதான் மதினி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏட்டி கனி. பை நடந்து போச்சு. ஆடு பாடுச்சு. மாமா தென்னை மரத்துக்குப் போயிட்டு வந்தார். மழையச் சுருட்டி டிராக்டர்ல ஏத்துனே. எல்லாத்தையும் நான் நம்புறேன்."

"நெசமாவா மதினி?"

"நெசமாத்தான். திங்கக்கிழமை காலையில இதை முடிச்சு விரிக்கப்போறேன்னு சொல்லிட்டு வந்துருக்க பாரு. அதைத்தான் நம்பல."